பறைக்கும் ஒரு மேடை

(செஞ்சியில் நடந்த முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



'இன்ஜினியர் வந்திருக்கான், பாலம், சாலைன்னு ஏதாவது சொல்லுவான்' என்று நினைத்திருப்பீர்கள். நான் ஒரு பாட்டுக் குழுவைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன்.

செஞ்சிக்குப் பாட்டு புதிதல்ல. 1714-இல் போரில் மாண்ட தேசிங்கு ராஜனை இன்றும் நாம் நினைப்பதற்குக் காரணம் ராஜகிரிக் கோட்டை மட்டுமல்ல, ஊர் ஊராகக் கதை பாடியவர்களும்தான். கோட்டைக்கு 2025-இல் யுனெஸ்கோ அங்கீகாரம் கிடைத்துவிட்டது. பாடியவர்களுக்கு?

2017-இல் இயக்குநர் பா. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்ந்து கலைஞர்களைத் தேடினார்கள். கானா பாடுகிறவர், ராப் பாடுகிறவர், பறை, சட்டி, கட்டமோளம் அடிக்கிறவர், கிட்டார் வாசிக்கிறவர் என்று 19 பேர் ஒன்று சேர்ந்தார்கள். 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' என்று பெயர். சாதி பேதமற்ற தமிழர் என்ற அயோத்திதாசப் பண்டிதரின் சிந்தனையிலிருந்து பிறந்த பெயர் அது. 2018 ஜனவரி 6-ஆம் தேதி சென்னை கீழ்ப்பாக்கத்தில் முதல் கச்சேரி. காதல் பாட்டு இல்லை. இடஒதுக்கீடு, ஆணவக் கொலை, மலக்குழியில் சாகும் மனிதர்கள், இவைதான் பாட்டு. சினிமா தயவு இல்லாமலே ஜனங்கள் கேட்டார்கள். அந்தக் குழுவின் இசைவாணி 2020-இல் பி.பி.சி.யின் நூறு பெண்கள் பட்டியலில் இடம்பெற்றார். அறிவு 2021-இல் 'எஞ்சாய் எஞ்சாமி' மூலம் உலகமெங்கும் கேட்கப்பட்டார். 2020 டிசம்பரில் 'மார்கழியில் மக்களிசை' தொடங்கியது. மார்கழி என்றால் சபா என்றிருந்த சென்னையில் பறையும் கானாவும் மேடையேறின.

இதை ஏன் இங்கே சொல்கிறேன்? எனக்கு ஒரு கடன் பாக்கி இருக்கிறது.

நான் மூன்றாம் ஆண்டு படிக்கும்போது கல்லூரி இசைக்குழுவுக்குச் செயலாளர். ஆண்டு விழாவுக்கு ஒரு வாரம் முன்பு, என் அறை நண்பன் ஊரிலிருந்து கோணிப்பையில் ஒரு பறை கொண்டுவந்தான். அவன் அப்பா அடிக்கிற பறை. ஹாஸ்டல் பின்னாடி வைக்கோல் கொளுத்தி, தோலைக் காய்ச்சி, ஒரு அடி அடித்தான். சூடேறினால் தோல் இறுகும், இறுகினால் சுருதி ஏறும். வகுப்பில் படித்த பாடம்தான். அன்றைக்குத்தான் காதில் விழுந்தது. ஆனால் நான் என்ன சொன்னேன் தெரியுமா? "மச்சி, இது சாவுக்கு அடிக்கிறதுடா, ஸ்டேஜுல வேணாம்."

அவன் ஒன்றும் பேசவில்லை. பறை கோணிப்பைக்குள் போய்க் கட்டிலுக்கடியில் கிடந்தது. எங்களுக்காக அவன் டிரம்ஸ் வாசித்தான். முதல் பரிசும் வாங்கினோம்.

2018-இல் அந்தக் கச்சேரி வீடியோவைப் பார்த்தேன். கிட்டாருக்கு நடுவே, தலை நிமிர்ந்து பறை. அன்றிரவே அவனுக்குப் போன் போட்டு மன்னிப்புக் கேட்டேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் சொன்னான்: "விடுடா. ஆனா ஒண்ணு, அந்தப் பரிசு வாங்கினத நான் எங்கப்பாகிட்ட சொல்லவே இல்ல."

நண்பர்களே, திறமை இல்லாததால் அவன் மேடை ஏறாமல் போகவில்லை. நான் வழியை மறித்துக்கொண்டு நின்றேன், அவ்வளவுதான். அந்த 19 பேருக்கும் யாரோ வழி விட்டார்கள்.

நம் சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். வரும் ஆண்டு விழா முதல், மாணவர்கள் தாங்களே எழுதி, தங்கள் ஊர் வாத்தியத்தோடு பாடும் பாட்டுக்கு ஒரு பரிசு வையுங்கள். முதல் ஐந்து வருடத்துக்கான தொகையை நான் தருகிறேன்.

கடைசி வரிசையில் அவன் உட்கார்ந்திருக்கிறான். பக்கத்தில் அவன் அப்பா. மாலை ஆறு மணிக்கு மைதானத்தில் வைக்கோல் கொளுத்தப் போகிறோம். எல்லோரும் வாருங்கள்.