மாசியில் வாங்கும்போது வைகாசியை நினையுங்கள்

(நம் சங்கத்தின் மாசி மாதக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



மாசி பிறந்தால் நம் குடியிருப்பு வாசலில் செடி வண்டி வந்து நிற்கும். ரோஜா, டேலியா, பெட்டூனியா எல்லாம் பூத்துக் குலுங்கும். போன வருடம் நானும் ஆறு தொட்டி வாங்கினேன். சித்திரை முடிவதற்குள் ஆறும் காய்ந்துவிட்டன. பிழைத்தது, தொட்டி ஓரத்தில் தானாக முளைத்த ஒரு நித்தியகல்யாணிதான்.

தப்பு செடியின் மேல் இல்லை, நான் தேர்ந்தெடுத்ததில்தான். நாம் பார்க்கும் தோட்ட வீடியோக்கள் பல குளிர் நாடுகளில் எடுத்தவை. அங்கே வசந்தம் என்றால் பனி விலகி இளவெயில் வரும் காலம். நம் கணக்கில் இளவேனில் என்பது சித்திரையும் வைகாசியும். அந்த மாதங்களில் நம் மொட்டை மாடியில் செருப்பில்லாமல் நிற்க முடியுமா? மேலும், இங்கே விற்கும் பூச்செடிகள் பல ஓசூர்ப் பக்கத்திலிருந்து வருகின்றன. ஓசூர் ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. நம் ஊர் அதில் பாதி உயரம்தான். அந்தக் குளிர்ச்சியில் வளர்ந்த செடி இங்கே வந்ததும் வாடிப்போகிறது.

ஆகவே இன்று பூத்திருப்பதைப் பார்த்து வாங்காதீர்கள். வைகாசி வெயிலில் நிற்குமா என்று பார்த்து வாங்குங்கள்.

நாள் முழுக்க வெயில் விழும் மாடிக்கு காகிதப்பூ, நித்தியகல்யாணி, டேபிள் ரோஸ், செம்பருத்தி, குண்டுமல்லி. காகிதப்பூவுக்குத் தண்ணீர் கொஞ்சம் குறைந்தால்தான் பூ அதிகம். அரளியும் வெயில் தாங்கும். ஆனால் அதன் இலை, பூ, தண்டு எல்லாமே விஷம். சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்கு வேண்டாம். காய்கறியில் வெண்டை, கொத்தவரை, கத்தரி, தண்டுக்கீரை போடலாம். தக்காளியை ஆடிக்குத் தள்ளிவையுங்கள். கடும் வெயிலில் பூ உதிர்ந்துவிடும், காய் பிடிக்காது.

காலை வெயில் மட்டும் வரும் பால்கனிக்கு கனகாம்பரம், துளசி, கற்பூரவல்லி. வெயிலே வராத இடத்துக்கு மணி பிளான்ட்.

அடுத்தது தண்ணீர். நம் மாவட்டத்து நிலத்தடி நீரில் புளூரைடு அதிகம் என்பது எல்லோருக்கும் தெரியும். அதற்காகத்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது. 2013-இல் அது தொடங்கி வைக்கப்பட்டது. செடிக்கு நாம் ஊற்றுவதோ போர் தண்ணீர். ஸ்பைடர் பிளான்ட், டிரசீனா போன்றவற்றுக்குப் புளூரைடு ஆகாது. இலை நுனி கருகும். தண்ணீர் போதவில்லை என்று நினைத்து நாம் அதே தண்ணீரை இன்னும் ஊற்றுவோம், இன்னும் கருகும். உப்புத் தண்ணீரில் இட்லிப்பூவின் இலையும் மஞ்சளாகிவிடும். ஆர்.ஓ. மெஷினிலிருந்து வெளியேறும் கழிவு நீரில் உப்பு இன்னும் அதிகம். அதைத் தரை கழுவ வைத்துக்கொள்ளுங்கள், செடிக்கு வேண்டாம்.

செடிக்கு நல்லது அரிசி களைந்த தண்ணீரும் காய்கறி கழுவிய தண்ணீரும். ஏ.சி.யிலிருந்து சொட்டும் தண்ணீரில் உப்பே கிடையாது. அதையும் ஒரு வாளியில் பிடித்து வையுங்கள்.

இதை நான் அழுத்திச் சொல்ல ஒரு காரணம் உண்டு. போன கோடையில் நாம் லாரித் தண்ணீர் வாங்கியபோது, "மேலே செடிக்கு ஊற்றுகிறார்கள், கீழே எங்களுக்குக் குளிக்கத் தண்ணீர் இல்லை" என்று ஓர் அம்மா கேட்டார். நியாயமான கேள்வி. தொட்டிக்கு ஒரு லிட்டர், வீட்டுக்குப் பத்துத் தொட்டி, நாற்பது வீடு என்று வைத்துக்கொண்டால் ஒரு நாளைக்கு 400 லிட்டர். காசு கொடுத்து வாங்கிய தண்ணீரை இப்படிச் செலவழித்தால் மனஸ்தாபம் வராமல் இருக்குமா?

தண்ணீரை மிச்சப்படுத்த வழி இருக்கிறது. மண்ணோடு தென்னை நார்க்கழிவு கலந்தால் ஈரம் நிற்கும். மண்ணின் மேல் காய்ந்த இலைகளைப் பரப்பி மூடாக்குப் போடுங்கள். விரலை மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள். ஈரம் இருந்தால் அன்று ஊற்ற வேண்டாம். ஊற்றுவதானால் காலையில் ஊற்றுங்கள். வாங்கி வந்த செடியை ஒரு வாரம் நிழலில் வைத்து, பிறகு மெல்ல வெயிலுக்கு நகர்த்துங்கள். தொட்டிக்கு அடியில் தட்டு வையுங்கள். கீழ் வீட்டுக் கூரை ஒழுகக் கூடாது.

என் கோரிக்கை ஒன்றே ஒன்று. இந்தக் கோடைக்கு வீட்டுக்கு மூன்று தொட்டி போதும். அவற்றுக்கு அடுக்களைத் தண்ணீர் மட்டும் ஊற்றுவோம். மழை வந்த பிறகு ஆசை தீர வளர்க்கலாம். இதற்குச் சம்மதிப்பவர்கள் பங்குனி பிறப்பதற்குள் செயலாளரிடம் பெயர் கொடுங்கள். என் வீட்டு நித்தியகல்யாணியில் விதை இருக்கிறது; கேட்பவர்களுக்குத் தருகிறேன்.