பவளத் தொட்டியும் அறைக் காற்றும்

கண்ணாடித் தொட்டியில் பொன்மீன் வளர்ப்பதை நீங்கள் பல வீடுகளில் பார்த்திருப்பீர்கள். அதுபோன்ற தொட்டியில் உப்பு நீரை நிரப்பி, உயிருள்ள பவளங்களை வளர்ப்பவர்களும் உலகில் பலர் இருக்கின்றனர். நம் நாட்டில் கடலிலிருந்து பவளத்தை எடுப்பது குற்றம். 2001ஆம் ஆண்டில் கல் பவளங்கள், புலியும் யானையும் இடம்பெற்றுள்ள வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் பட்டியலில் சேர்க்கப்பட்டன. ஆகவே, தொட்டி வைக்கும்படி உங்களைத் தூண்டுவது என் நோக்கமன்று. அத்தொட்டிக்காரர்களை ஓயாது தொல்லைப்படுத்தும் ஒரு சிக்கலைப் பற்றியே பேச விரும்புகிறேன். இரசாயன வகுப்பில் நீங்கள் தனித்தனியே படித்த பல செய்திகள் அதில் ஒன்றுகூடி நிற்கின்றன.

கடல் நீர் சற்றுக் காரத்தன்மை உடையது. அதன் பி.எச். எண் ஏறத்தாழ 8.1. வீட்டுத் தொட்டியிலோ அது பல சமயங்களில் 7.8க்கு இறங்கிவிடுகிறது, விடியற்காலையில் இன்னும் கீழே போவதும் உண்டு. குறைந்தது 0.3தானே என்று எண்ணிவிடலாகாது. கோபன்ஹேகன் நகரத்துக் கார்ல்ஸ்பெர்க் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய ஸோரென்ஸென் என்னும் அறிஞர் 1909இல் இந்த அளவை வகுத்தபோது, லாகரிதத்தை அடிப்படையாகக் கொண்டார். பி.எச். ஒன்று குறைந்தால் ஹைட்ரஜன் அயனிகள் பத்து மடங்காகும்; 0.3 குறைந்தால் இரு மடங்காகும்.

இதனால் பவளத்துக்கு என்ன துன்பம்? பவளப் பூச்சி தன் உடலுக்கு அடியில் கால்சியம் கார்பனேட்டைக் கொண்டு கூடு கட்டுகிறது. கட்டுகின்ற இடத்தில் மிக மெல்லிய நீர்ப்படலம் ஒன்று இருக்கிறது. அதிலுள்ள ஹைட்ரஜன் அயனிகளை இடைவிடாது வெளியே தள்ளினால்தான் அங்கே கார்பனேட் திரண்டு படியும். வெளி நீரிலும் அவ்வயனிகள் மிகுந்திருந்தால், ஏற்கனவே நிரம்பி வழியும் வாய்க்காலில் மேலும் நீரை இறைத்து ஊற்றுவது போல் வேலை கடினமாகிவிடுகிறது. பவளம் உடனே மடிந்துவிடுவதில்லை. அதன் வளர்ச்சி தளர்கிறது.

இதைக் கண்ட தொட்டிக்காரர் முதலில் செய்வது, நீரில் எதையாவது கலப்பதுதான். சமையல் சோடாவை எடுத்துப் போடுகிறார். சமையல் சோடா என்னும் சோடியம் பைகார்பனேட், அமிலத்தைத் தாங்கிக்கொள்ளும் சக்தியை நீருக்குத் தரும், ஆனால், பி.எச். எண்ணை உயர்த்தாது, போட்டவுடன் சிறிது இறக்கவும் செய்யும். அதே சோடாவை நன்கு சூடாக்கினால் கரியமிலவாயுவும் நீராவியும் பிரிந்து போய், சலவைச் சோடா எஞ்சும். இது எண்ணை உயர்த்துவது உண்மை. எனினும், சில மணி நேரத்தில் எண் மீண்டும் சரியத் தொடங்குகிறது. விடாமல் கலந்துகொண்டே போனால் கார்பனேட் அளவு மீறி, பவளத்துக்கு உதவ வேண்டிய கால்சியம் வெண்பொடியாய்த் தொட்டியின் அடியில் படிகிறது. எண்ணைத் துரத்திப் பவளத்தை இழந்தவர்கள் உண்டு. 7.8இல் நெடுநாள் நிலைத்து நிற்கும் தொட்டி, காலையில் 7.8ஆகவும், பொடி போட்ட பின் 8.5ஆகவும் தாவும் தொட்டியைவிட எவ்வளவோ மேல் என்பது என் கருத்து.

எண் ஏன் திரும்பச் சரிகிறது? காரணம் பெரும்பாலும் நீரில் இல்லை. அறைக் காற்றில் இருக்கிறது. கரியமிலவாயு நீரில் கரைந்து கார்பானிக் அமிலமாகிறது என்பதை அறிவீர்கள். நாம் வெளிவிடும் மூச்சில் அது ஏறத்தாழ 4 சதவீதம், அதாவது பத்து லட்சம் பங்கில் 40,000 பங்கு. திறந்த வெளிக் காற்றில் 400 பங்குக்குச் சற்று மேல். சன்னல்களை அடைத்து நான்கு பேர் உறங்கும் அறையில் அது 1,000 பங்கைத் தாண்டுவது மிக எளிது. நீரின் தாங்கு சக்தி மாறாதிருக்கையில், சூழ்ந்துள்ள கரியமிலவாயு இரு மடங்கானால் பி.எச். ஏறத்தாழ 0.3 குறையும். நம் கணக்கு இங்கே பொருந்திவிடுகிறது அல்லவா?

இதைச் சோதிப்பது எளிது. தொட்டி நீரில் ஒரு குவளை எடுத்துத் திறந்த வெளிக்குக் கொண்டு சென்று, சிறு காற்றுப் பம்பினால் ஒரு மணி நேரம் குமிழி விட்டுப் பிறகு அளந்து பாருங்கள். எண் ஏறினால் குற்றவாளி அறைக் காற்றே. அப்போது சன்னலைத் திறப்பதே சிகிச்சை. குளிர் நாடுகளில் சன்னலைத் திறக்க இயலாதவர்கள், நீரில் காற்றைச் செலுத்தும் கருவியின் குழாயை மட்டும் சுவர் வழியே வெளியே நீட்டிவிடுகிறார்கள். மருத்துவமனை மயக்க மருந்துக் கருவியில் பயன்படும் சோடா-சுண்ணாம்புக் குருணை வழியே காற்றைச் செலுத்தி, கரியமிலவாயுவை வடிகட்டுவோரும் உண்டு. இரவில் பாசி கரியமிலவாயுவை உட்கொள்ளாது, வெளிவிடுகிறது. அதனால்தான் விடியலில் எண் மிகத் தாழ்கிறது. பக்கத்தில் சிறு தொட்டி வைத்து, அதில் வளரும் பாசிக்கு இரவில் விளக்கேற்றுவது நல்ல உபாயம்.

இன்னொரு மருந்து நமக்குப் பழகியது: சுண்ணாம்புத் தெளிநீர். ஜெர்மானியர் இதனைக் 'கால்க்வாஸர்' என்பர். குழாய் கொண்டு ஊதினால் பால் போல் வெளுக்குமே, அதே நீர்தான். அது கரியமிலவாயுவைக் கட்டிப்போடுகிறது, கால்சியத்தையும் அளிக்கிறது. ஆனால், அதன் பி.எச். 12க்கும் மேற்பட்டது. ஆவியாகிக் குறைந்த நீருக்கு ஈடாக, இரவில் சொட்டுச் சொட்டாகவே விட வேண்டும். ஒரு காலத்தில் மன்னார் வளைகுடாவில் பவளப் பாறைகளை வெட்டிச் சுண்ணாம்புக்காகச் சுட்டார்கள். இங்கே சுண்ணாம்பு பவளத்துக்கே திரும்பச் செல்கிறது.

அடைத்த வீடு, உள்ளே பவளம் என்னும் இதே நாடகம் அமெரிக்காவில், அரிஸோனா மாநிலத்தில், மிகப் பெரிய அளவில் நடந்தது. 'பயோஸ்பியர் 2' என்ற கண்ணாடி மாளிகைக்குள் 1991 செப்டம்பரில் எட்டுப் பேர் புகுந்து ஈராண்டு அடைபட்டு வாழ்ந்தனர். உள்ளே வயலும் காடும், 25 லட்சம் லிட்டருக்கு மேற்பட்ட நீருள்ள ஒரு குட்டிக் கடலும் இருந்தன. வளமிக்க மண்ணின் நுண்ணுயிர்கள் மூச்சு விட்டுக் கரியமிலவாயுவைப் பெருக்கின. கடலின் பி.எச். இறங்கவே, கார்பனேட்டும் பைகார்பனேட்டும் கலந்து அதைத் தாங்கிப் பிடித்தனர். வியப்பான செய்தி என்னவெனில், பிராணவாயு 21 சதவீதத்திலிருந்து 14 வரை குறைந்தும், அதற்கு ஈடான கரியமிலவாயு காற்றில் காணப்படவில்லை. கட்டடத்தின் கான்கிரீட்டிலிருந்த சுண்ணாம்பு அதை உறிஞ்சிக் கால்சியம் கார்பனேட்டாக மாற்றியிருந்தது! பின்னர் லாங்டன் என்னும் ஆய்வாளரும் அவருடைய துணைவர்களும் அக்கடலின் இரசாயன நிலையை மாற்றி மாற்றி அளந்து, நீரில் கார்பனேட் குறையக் குறையப் பவளக் கூட்டத்தின் கட்டுமானமும் குறைவதை 2000இல் வெளியிட்டனர்.

உண்மைக் கடலும் இதே நோய்க்கு உட்பட்டிருக்கிறது. தொழிற் புரட்சிக்கு முன் காற்றில் சுமார் 280 பங்கு இருந்த கரியமிலவாயு இன்று 420ஐத் தாண்டிவிட்டது. கடல் மேற்பரப்பின் பி.எச். ஏறத்தாழ 0.1 இறங்கியிருக்கிறது. இதற்குள் பவளங்கள் எவ்வளவு தளர்ந்திருக்கும் என்பதை அறிய, 2014இல் ஆஸ்திரேலியப் பெரும் பவளத் தொடரின் ஒன் ட்ரீ தீவில் ஒரு சோதனை நடந்தது. ஒரு திட்டின் மேல் பாயும் நீரில் எரிசோடாக் கரைசலைக் கலந்து, தொழிற் புரட்சிக்கு முந்தைய நிலையை ஒட்டி அதன் இரசாயனத்தை மாற்றினர். பவளத் திட்டின் கட்டுமானம் சுமார் 7 சதவீதம் உயர்ந்தது. தொட்டிக்காரரின் மருந்தைக் கடல் முழுவதற்கும் ஊற்றலாம் என்று அவர்கள் சொல்லவில்லை. பவளங்கள் இதுவரை எவ்வளவு இழந்துவிட்டன என்பதை அளந்து காட்டவே அதைச் செய்தனர்.