நடுவர் முதலில் சொல்ல வேண்டியது



வெள்ளகோவில், பரம்பிக்குளம்-ஆழியாறு பாசனத்தின் கடைமடைப் பகுதி. மேல்மடைக்காரர் எத்துணை நல்லவராயினும், நீரைப் பங்கிடும் பொறுப்பை அவரிடமே விட்டுவிடக் கடைமடை உழவர் இசையார். அவரது நேர்மையில் குறையில்லை. அந்நீர் அவருக்கும் வேண்டும் என்பதே தடை. வழக்குத் தீர்க்கும் நடுவரைத் தேர்வதற்கும் இதுவே அளவுகோல்.

நூல் வணிகர் ஒருவருக்கும் விசைத்தறி உரிமையாளர் ஒருவருக்கும் பணப் பிணக்கு எழுவதாகக் கொள்வோம். 'வணிகர் நியமிக்கும் நடுவரே தீர்ப்பளிப்பார்' என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி இருக்கிறது. வணிகரின் கணக்காளரே நடுவராக வந்து அமரும்போதுதான் அவ்வரியின் பொருள் தறிக்காரருக்கு விளங்குகிறது.

1996ஆம் ஆண்டின் நடுவர் மற்றும் சமரசச் சட்டம் இதற்கு அணையிடுகிறது. தம் நடுநிலையில் நியாயமான ஐயம் எழுப்பக்கூடிய உறவு, தொழில், பணத் தொடர்பு எதுவாயினும், நடுவராக அழைக்கப்படுபவர் முன்னதாகவே எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்கிறது 12ஆம் பிரிவு. ஒரு தரப்பின் ஊழியர், ஆலோசகர், நெருங்கிய உறவினர் ஆகியோரை 2015ஆம் ஆண்டுத் திருத்தம் தகுதியற்றவர் ஆக்கிற்று. பிணக்கு எழுந்த பின்னர் இரு தரப்பினரும் எழுத்து மூலம் வெளிப்படையாக இசைந்தாலன்றி இத்தடை நீங்காது. வழக்கின் முடிவில் நலன் உடையவர் தனி நடுவரைத் தாமே நியமிக்கவும் கூடாது என 2019இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

இத்துணைக் கண்டிப்பு எதற்கு? நடுவர் தீர்ப்பு வந்தபின் வழக்கை முதலிலிருந்து மீண்டும் ஆராய நீதிமன்றம் முன்வராது; 34ஆம் பிரிவு காட்டும் மிகச் சில காரணங்களுக்காகவே தலையிடும். ஆகவே தொடக்கத்தில் வந்த கோணல் இறுதிவரை தொடரும்.

பாகப்பிரிவினையும் கூட்டு வணிகப் பிணக்கும் சமணக் குடும்பங்களிலும் உண்டு. அவற்றைத் தீர்க்க அழைக்கப்படும் பெரியவர், 'இன்னார் எனக்கு உறவு, இன்னாரோடு எனக்குக் கொடுக்கல் வாங்கல் உண்டு' என்று முதலிலேயே சொல்லிவிடுவது அவருக்கு இழிவன்று. அதுவே அவர் சொல்லுக்கு வலிமை. பொருளின்மேல் பற்று வைக்காதவரும் 'நம்மவர்' என்னும் பற்றை எளிதில் விடுவதில்லை. அபரிக்கிரகம் அப்பற்றையும் விடச் சொல்கிறது. ஒரு பொருளுக்குப் பல பக்கம் உண்டு என்னும் அநேகாந்தமோ, இரு தரப்பையும் முழுமையாகக் கேட்கச் சொல்கிறது.

இளைஞர்கள் எந்த ஒப்பந்தத்திலும் கையெழுத்திடுமுன், நடுவரை நியமிப்பவர் யார் என்னும் அந்த ஒரு வரியைப் படித்துப் பார்க்க வேண்டும். பெரியோர்கள் நடுவராக அமருமுன், தம் தொடர்புகளைச் சொல்லிவிட வேண்டும். இவ்விரண்டும் நிகழுமாயின், தோற்றவரும் தீர்ப்பை ஏற்பார், உறவும் பிழைக்கும்.