கொல்லை தந்த செல்வம்



கொல்லையில் வாழைக்குக் குழி எடுப்பவர் புதையலை எண்ணி மண்வெட்டியைத் தொடுவதில்லை. ஆயினும் மண் சில வேளைகளில் கேளாமலே கொடுத்துவிடுகிறது. அவ்வாறு கிடைத்ததை நாம் என்ன செய்யவேண்டும் என்பதே இன்றைய பேச்சு.

மயிலாடுதுறையை அடுத்த செம்பியன் கண்டியூரில், 2006ஆம் ஆண்டில், பள்ளி ஆசிரியர் ஒருவர் தம் வீட்டுக் கொல்லையில் வாழையும் தென்னையும் நடக் குழி தோண்டினார். வழவழப்பாகத் தீட்டப்பெற்ற இரண்டு கற்கோடரிகள் கிடைத்தன. வேறொருவராயின் வேலியோரம் எறிந்திருப்பார். அவரோ அறிந்தவரிடம் செய்தி சொன்னார். கற்கள் தமிழ்நாட்டுத் தொல்லியல் துறையை அடைந்தன. ஒரு கோடரியின் மீதிருந்த கீறல்களைச் சிந்துவெளிக் குறிகள் நான்கு என்று ஐராவதம் மகாதேவன் இனங்கண்டார். அக்கருத்தை எல்லா அறிஞரும் ஏற்கவில்லை. எனினும், ஏற்பதற்கும் மறுப்பதற்கும் ஒரு கல் இன்று கையில் இருக்கிறது.

வடக்கே மகாராஷ்டிரத்தில், பிரவரா ஆற்றங்கரையிலுள்ள தைமாபாத்தில், 1974இல் வேர் தோண்டிய கிராமவாசி ஒருவருக்கு நான்கு வெண்கல உருவங்கள் கிட்டின. காளைகள் பூட்டிய தேரில் நிற்கும் மனிதன், யானை, காண்டாமிருகம், எருமை. நான்கும் சேர்ந்து 60 கிலோகிராமுக்கு மேல் எடையுள்ளவை. உருக்காமல் காக்கப்பட்டது நம் நற்பேறு. ஆனால் அவை முறையான அகழாய்வில், மண்ணடுக்கின் சான்றோடு எடுக்கப்பட்டவை அல்ல. ஆகவே அவற்றின் காலம் பற்றிய வாதம் இன்னும் ஓயவில்லை.

மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட எனக்கு இது நன்கு விளங்குகிறது. வாக்கியத்திலிருந்து பிய்த்தெடுத்த ஒரு சொல்லைக் கொடுத்துப் பொருள் கேட்டால், திகைத்து நிற்பேன். மண்ணுக்குள் இருக்கும் பொருளுக்கு அது கிடந்த ஆழமும் அருகே கிடந்த ஓடுகளுமே வாக்கியம். ஆகையால் ஏதேனும் தென்பட்டால் தோண்டுவதை நிறுத்துங்கள். இடத்தையும் ஆழத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். பளபளப்பாக்கும் ஆசையில் புளியிட்டுத் துலக்காதீர்கள்.

“சொன்னால் பறித்துக்கொள்வார்களே” என்ற அச்சம் பலருக்கு உண்டு. 1878ஆம் ஆண்டின் இந்தியப் புதையல் சட்டம் அப்படிச் சொல்லவில்லை. மண்ணில் மறைந்திருந்த பொருளின் மதிப்பு 10 ரூபாய்க்கு மேற்பட்டால் கலெக்டருக்கு எழுத்து மூலம் அறிவிக்கவேண்டும். பொருளுக்கு உரியவர் எவருமில்லை என்று முடிவானால், வேறு உடன்பாடு இல்லாதவிடத்து, கண்டெடுத்தவருக்கு நான்கில் மூன்று பங்கு. நிலத்துக்குரியவருக்கு ஒரு பங்கு. அரசாங்கம் எடுத்துக்கொள்ள விரும்பினால், மூலப்பொருளின் மதிப்போடு அதில் ஐந்தில் ஒரு பங்கைக் கூட்டித் தரவேண்டும். மறைத்தவரோ பங்கையும் இழப்பார். ஓராண்டு வரை சிறையும் நேரலாம். கருநாடகம் 1962இலும் கேரளம் 1968இலும் தனிச் சட்டம் வகுத்துள்ளன. அங்கே வாழ்வோர் அவற்றைக் கேட்டறிவது நலம்.

பிழைப்பை நாடிப் பிற மாநிலங்களில் குடியிருக்கும் நமக்கு, “இது நம் ஊர் அல்லவே, நமக்கேன் வம்பு?” என்று தோன்றுவது இயல்பு. ஆனால் முருங்கையும் கறிவேப்பிலையும் நடுவதற்கு அந்த மண்ணைத்தானே கொத்துகிறோம்? உண்ணும் சோறும் குடிக்கும் நீரும் அவ்வூர் தந்தவை. அதன் பழைமை நம் கையில் அகப்படும் நாளில், உரிய இடத்திற்கு ஒரு கடிதம் எழுதுவது நாம் செய்யக்கூடிய சிறு கைம்மாறு.