சகோதர சங்கங்கள் இன்று

(தோட்டக் கிளைக் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



மரண சகாய நிதியை அறியாத தோட்டத் தொழிலாளி இல்லை. லயத்தில் ஒருவர் கண்ணை மூடினால், வீட்டுக்கு இவ்வளவு வெள்ளி என்று சேர்த்து, பாடை கட்டுவது முதல் கருமாதி வரை கூட நிற்பது நமது வழக்கம். இன்று இளைஞர்கள் சிலர், "சேமநிதி இருக்கிறது, சொக்சோ இருக்கிறது, இனி இந்தச் சந்தா எதற்கு?" என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். இதே கேள்வி நமக்கு முன்பே மேல்நாட்டுத் தொழிலாளர்களுக்கும் வந்தது. அந்த வரலாற்றைச் சற்றுப் பார்ப்போம்.

1819-ஆம் ஆண்டில், இங்கிலாந்திலிருந்து பிழைக்கப்போன தாமஸ் வைல்டி என்ற தொழிலாளி, அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் நான்கு பேருடன் சேர்ந்து 'ஆட் ஃபெல்லோஸ்' சங்கத்தின் கிளையைத் தொடங்கினார். குதிரை வண்டிகளுக்கு வில் அடிப்பது அவர் தொழில். நோயுற்றவரைப் போய்ப் பார்ப்பது, துன்பப்பட்டவரைத் தாங்குவது, இறந்தவரை அடக்கம் செய்வது, அநாதைப் பிள்ளையைப் படிக்கவைப்பது ஆகிய நான்கும் அச்சங்கத்தின் கடமைகள். 1882-இல் நியூ ஹேவன் நகரில் மைக்கேல் மக்கிவ்னி என்னும் இளம் பாதிரியார், உழைப்பவன் இறந்தால் குடும்பம் சிதறக்கூடாது என்று 'நைட்ஸ் ஆஃப் கொலம்பஸ்' சங்கத்தை அமைத்தார்.

இவை தருமம் போடும் இடங்கள் அல்ல. கிளை உண்டு, சந்தா உண்டு, அங்கத்தினர் தேர்ந்தெடுக்கும் நிர்வாகம் உண்டு. லாபத்தைப் பங்கு போட்டுக்கொள்ளும் முதலாளி இல்லை. இன்று வாங்குபவன் நாளை கொடுப்பான். ஆகையால் கை நீட்டுவதில் வெட்கம் இல்லை.

பிறகு அரசாங்கங்கள் விழித்துக்கொண்டன. இங்கிலாந்தில் 1911-ஆம் ஆண்டுச் சட்டம் நோய்க்கால உதவியை இத்தகைய சங்கங்களின் வழியாகவும் நடத்தியது. 1948-இல் அரசாங்கமே அந்தப் பொறுப்பை நேரே ஏற்றது. அமெரிக்காவில் 1935-இல் சமூகப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. தொழிலாளிக்கு இது வெற்றிதான். ஆனால் அங்கத்தினர் குறைந்து கிளைகள் பல மூடப்பட்டன.

மூடாமல் நின்றவை இன்று என்ன செய்கின்றன? 'நைட்ஸ் ஆஃப் கொலம்பஸ்' இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட அங்கத்தினரோடு ஆயுள் காப்புறுதி நடத்துகிறது. அத்தோடு நிற்கவில்லை. குளிர்காலத்தில் ஏழைப் பிள்ளைகளுக்குச் சட்டை கொடுக்கிறது; பசித்த குடும்பங்களுக்கு உணவு சேர்க்கிறது. பணம் எந்த அலுவலகத்திலிருந்தும் வரலாம். பக்கத்தில் வந்து உட்காரும் மனிதன் சங்கத்திலிருந்துதான் வருவான்.

தோழர்களே, அவர்கள் செய்த தவற்றையும் சொல்லியாக வேண்டும். சகோதரர் என்று பேசிய அமெரிக்க ஆட் ஃபெல்லோஸ் சங்கம், கறுப்பின மக்களுக்குக் கதவைச் சாத்தியது. பீட்டர் ஆக்டன் என்னும் கறுப்பினக் கப்பல் ஊழியர் சும்மா இருக்கவில்லை. 1843-இல் இங்கிலாந்திலிருந்து நேராக அனுமதிப் பத்திரம் பெற்றுவந்து, தம் மக்களுக்குத் தனிச் சங்கம் கண்டார். ஒரே ஊரில், ஒரே உழைப்பில், ஒரே பெயரில் இரண்டு சங்கங்கள்! சகோதரத்துவம் நிறத்தைக் கண்டதும் நின்றுவிட்டது.

இப்போது நம் லயத்தைப் பாருங்கள். பக்கத்து நிரையில் மரம் வெட்டுபவன் இந்தோனேசியனாக இருக்கிறான், வங்காளதேசத்தவனாக இருக்கிறான். 2019 ஜனவரி முதல் அந்நியத் தொழிலாளர்களும் சொக்சோவின் வேலை விபத்துப் பாதுகாப்பில் சேர்க்கப்பட்டார்கள். சட்டம் கதவைத் திறந்திருக்கிறது. நமது நிதிப் புத்தகத்தில் அவன் பெயர் இருக்கிறதா? அவன் விழுந்தால் ஆஸ்பத்திரிக்கு யார் போவது? அவன் தாய்க்கு யார் தகவல் சொல்வது? பாரம் நிரப்பத் தெரிந்த கிராணியார் அவனுக்காக ஒரு மணி நேரம் ஒதுக்குவாரா?

நம் பாட்டன்மார் கப்பலில் வந்து இறங்கியபோது அவர்களும் அந்நியர்களே. அவர்களுக்கு ஆதரவாக நின்றது பக்கத்து வீட்டுக்காரன்தான்.

ஆகவே, மரண சகாய நிதியை மூடவேண்டாம்; அதன் கதவை அகலத் திறப்போம். சந்தா கட்டும் எந்த நாட்டுத் தொழிலாளியையும் அங்கத்தினராக ஏற்போம் என்று இக்கூட்டம் தீர்மானிக்கவேண்டும் எனக் கேட்டு அமர்கிறேன்.

தொழிலாளர் ஒற்றுமை ஓங்குக!