ஹெலிகாப்டர் தலைகீழாய்ப் பறக்குமா?

(காஞ்சிபுரத்தில் வெள்ளிவிழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

2024 அக்டோபர் 6ஆம் நாள் சென்னைக் கடற்கரையில் இந்திய விமானப்படை நடத்திய வான்காட்சியை நம் இளைஞர் பலர் நேரிலோ தொலைக்காட்சியிலோ கண்டிருப்பீர்கள். அன்று ‘சாரங்’ குழுவின் ஹெலிகாப்டர்கள் மயிலின் வண்ணம் பூண்டு வந்தன, மூக்கை வானுக்கு உயர்த்தி ஏறின, சரிந்தன, ஒன்றையொன்று குறுக்கே கடந்தன. போர் விமானம் முதுகைத் தரைக்குக் காட்டிப் பறக்கிறதே, ஹெலிகாப்டர் ஏன் அவ்வாறு பறப்பதில்லை என்று மாணவர் சிலர் என்னிடம் கேட்டனர். நல்ல கேள்வி. இயந்திரத்தின் உள்ளே புகுந்து ‘ஏன்’ என்று கேட்கும் உரிமை சிலருக்கே உண்டு என்றிருந்த ஊரில், அக்கேள்வி நம் பிள்ளைகளிடமிருந்து வந்தது எனக்குப் பெருமகிழ்ச்சி.

விடைக்கு நெடுந்தொலைவு போக வேண்டியதில்லை. தறியில் இழுத்துக் கட்டாத பாவு தொய்ந்து கிடக்கும். இழுத்துக் கட்டினால் அதே நூல் விறைத்து நிற்கும். ஹெலிகாப்டரின் அலகுகளும் அப்படியே. நிற்கும்போது அவை நீண்டு தொங்குகின்றன. சுழலத் தொடங்கியதும் மையவிலக்கு விசை அவற்றை வெளிப்புறமாக இழுத்து விறைப்பாக்குகிறது. ஊர்தியின் எடையைத் தாங்குங்கால், காற்றில் மேல்நோக்கிப் புரண்ட குடையைப்போல் அலகுகளின் நுனி சற்றே உயர்கிறது. ஆக, தூக்குவிசை எப்போதும் ஊர்தியின் வயிற்றிலிருந்து தலையை நோக்கியே செல்லும்.

இப்போது ஊர்தியைக் கவிழ்த்துப் பாருங்கள். அதே விசை தரையை நோக்கித் திரும்பிவிடுகிறது. புவியீர்ப்பும் கீழே இழுக்கிறது. சுழல்விசிறியும் கீழே தள்ளுகிறது. அந்நிலையில் மிதக்க வேண்டுமாயின் அலகுகளின் சாய்கோணத்தை முற்றிலும் எதிர்ப்புறமாகத் திருப்பவேண்டும். ஆளேற்றிச் செல்லும் ஹெலிகாப்டரில் அவ்வளவு எதிர்க்கோணத்திற்கு இடமில்லை. திருப்ப முடிந்தாலும் அலகுகள், குடை மடங்குவதுபோல், உடலை நோக்கி வளையும். வாற்பகுதி அங்கே அருகிலேயே இருக்கிறது. எண்ணெயும் எரிபொருளும் குழாய்வாயை விட்டு விலகி நிற்கும் என்பது வேறு.

அப்படியானால் ஹெலிகாப்டர் வானில் முழு வட்டமடித்ததாகச் சொல்வது பொய்யா? அன்று. 1949இலேயே அமெரிக்காவில் சிகோர்ஸ்கி எஸ்-52 என்னும் ஹெலிகாப்டர் வட்டமடித்துக் காட்டியது. நீர் நிறைந்த வாளியைத் தலைக்குமேல் வேகமாகச் சுழற்றினால் நீர் சிந்துவதில்லை. நம் சிறுவர் யாவரும் விளையாடிப் பார்த்ததுதான். வட்டத்தின் உச்சியில் ஹெலிகாப்டர் கவிழ்ந்திருந்தாலும், அதன் சுழல்விசிறி ஊர்தியை வட்டத்தின் மையத்தை நோக்கி இழுத்துக்கொண்டே இருக்கிறது. அலகுகளுக்கு நிலை மாறவில்லை. சுமை இன்னும் அவற்றின்மீதே உள்ளது. கணக்கையும் பார்த்துவிடுவோம். உச்சியில் வேகம் விநாடிக்கு 30 மீட்டர் என்று கொள்க. அது மணிக்கு 108 கிலோமீட்டர். வேகத்தை வேகத்தால் பெருக்கி ஆரத்தால் வகுக்க வேண்டும். ஆரம் 90 மீட்டரானால் விடை 10. புவியீர்ப்பின் அளவு 9.8. மயிரிழையில் தப்பினோம்! ஆரம் இன்னும் பெரிதானாலோ வேகம் குறைந்தாலோ வாளி நீர் சிந்தும், அலகுகள் சுமையிழக்கும். ஆகவே கவிழ்ந்த நிலை சில விநாடிகளுக்கு மேல் நீடிப்பதில்லை.

சுமையிழந்தால் என்ன ஆகும்? இரண்டே அலகுகள் ஏற்றமரம்போல் மேலும் கீழும் ஆடும் அமைப்புடைய ஹெலிகாப்டர்கள் உண்டு. அவற்றில் விமானி கைப்பிடியைச் சட்டென முன்னே தள்ளினால் ஊர்தி எடையற்றதுபோல் ஆகிறது. வால்விசிறியின் தள்ளுதல் அதனை ஒருபுறம் உருட்டுகிறது. பழக்கமற்ற கை உடனே எதிர்ப்புறம் திருப்பும். சுமையற்ற சுழல்விசிறியோ ஊர்தியை நிமிர்த்தாது. தானே சாய்ந்து, குடம் தண்டில் மோதித் தண்டையே முறித்துவிடும். முதலில் கைப்பிடியை மெல்லப் பின்னே இழுத்து விசிறிக்குச் சுமையைத் திரும்பத் தரவேண்டும். உருளலைத் திருத்துவது அதற்குப் பிறகே. இயல்பான உணர்ச்சி இங்கே உயிரைக் குடிக்கிறது. பலர் மாண்ட பின்னரே, 1995இல் அமெரிக்க அரசு ராபின்சன் ஆர்-22, ஆர்-44 ஊர்திகளை ஓட்டுவோர்க்குத் தனிப்பயிற்சியைக் கட்டாயமாக்கியது.

குடத்தில் கீலின்றி அலகுகளை இறுகப் பொருத்தும் முறை இவ்வாட்டத்திற்கு மாற்றாக வந்தது. 1967இல் முதன்முதலாகப் பறந்த ஜெர்மானிய பி.ஓ.-105 அவ்வகையினது, வட்டமடிக்கவும் உருளவும் வல்லது. அதனை ஆக்கிய நிறுவனத்தின் துணையோடு பெங்களூர் இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் வடிவமைத்த ‘துருவ்’ 1992இல் பறந்தது. அதற்கும் கீலற்ற குடம், நான்கு அலகுகள். 2003இல் அமைந்த சாரங் குழு, கோவையை அடுத்த சூலூரைத் தளமாகக் கொண்டு, இதனையே ஓட்டிவந்தது. நமக்கு 30 கிலோமீட்டர் அளவில் உள்ள அரக்கோணம் கடற்படைத் தளத்திலிருந்து நெடுங்காலமாகப் பறந்துவரும் ‘சேத்தக்’கோ மூன்று அலகுகளைக் கீலில் மாட்டியது. வான்வித்தைக்கென்று அது பிறக்கவில்லை.

துருவுக்கும் எல்லையுண்டு. 2007 பிப்ரவரியில் பெங்களூரில் பயிற்சியின்போது சாரங் ஹெலிகாப்டர் ஒன்று விழுந்து விமானி ஒருவர் உயிர்நீத்தார். 2025 ஜனவரியில் போர்பந்தரில் கடலோரக் காவற்படையின் துருவ் விழுந்ததும், அவ்வகை ஊர்திகள் நிறுத்தி வைக்கப்பட்டு ஆராயப்பட்டன. பார்ப்போர் கைதட்டும் இடம் ஒன்று. விமானியும், இரவெல்லாம் திருகாணி பார்க்கும் தொழில்நுட்பப் பணியாளரும் அஞ்சும் இடம் மற்றொன்று. தொழிற்பயிற்சி நிலையத்திலும் பல்தொழில்நுட்பக் கல்லூரியிலும் பயிலும் நம் பிள்ளைகள் அவ்விரண்டாம் இடத்திற்குச் செல்லக்கூடியவர்களே.

பொம்மை ஹெலிகாப்டர் தலைகீழாய்ப் பறக்கிறதே என்று கேட்பீர்கள். ஆம், பறக்கிறது. அதன் அலகு இருபுறமும் ஒரே வடிவினது, குட்டையானது, விறைப்பானது. மேலும் கீழும் ஏறத்தாழ ஒரே அளவு கோணம் திரும்பும். எடையை நோக்க ஆற்றலும் மிகுதி. அத்தகைய சுழல்விசிறி ஒன்றை இம்மேடையில் வைத்திருக்கிறேன். கூட்டம் முடிந்ததும் மாணவர்கள் மேலே வந்து அதைக் கையில் எடுத்து, அலகின் கோணத்தைத் திருப்பித் திருப்பிப் பாருங்கள்.