ரங்கூன் வீதியில் பழைய கார்கள்

வரிப்பத்திரம், வீட்டுக்கடன், ஓய்வூதியம் என்று இந்த நேரத்தில் பேசிவருகிற நான் இன்று பழைய கார்களைப் பற்றிப் பேசப் போகிறேன். கணக்காளனுக்கும் காருக்கும் என்ன சம்பந்தம் என்று நீங்கள் கேட்கலாம். ஊரில் இருக்கிற தம்பியோ மச்சானோ பழைய காரைத் திருத்தக் காசு கேட்கிறார், அனுப்பலாமா, அல்லது அதை விற்றுவிடச் சொல்லலாமா என்று நேயர்கள் சிலர் கேட்டிருந்தார்கள். அது கணக்குக் கேள்விதான். அதற்கு மறுமொழி தேட மிகப் பொருத்தமான இடம் யாழ்ப்பாணமோ ரொறன்ரோவோ அல்ல, ரங்கூன். இப்போது யங்கோன் என்கிறார்கள்.

பர்மாவைப் பற்றி எங்கள் வீடுகளில் அதிகம் பேசுவதில்லை. ஆனால் எங்களுக்கு முன்னரே அகதியான தமிழர்கள் அங்கேதான் இருந்தார்கள். 1942 இல் யப்பானியப் படை வந்தபோது காடும் மலையும் தாண்டி இந்தியாவுக்கு நடந்தவர்கள் உண்டு. 1960களின் நடுவில் கடைகளும் தொழில்களும் அரசுடைமையான பிறகு, கையிலிருந்ததைப் பெரும்பாலும் விட்டுவிட்டுக் கப்பலேறியவர்கள் உண்டு. போகாமல் தங்கிவிட்டவர்களும் உண்டு. அனோரதா வீதியில் இருக்கிற காளி கோவில் பக்கம் போனால் இன்றும் தமிழ் கேட்கும்.

2009 இல் வேலை அலுவலாக மூன்று மாதம் அந்த நகரில் இருந்தேன். அதற்கு முந்திய ஆண்டு மே மாதம்தான் நர்கிஸ் புயல் அடித்திருந்தது. வீதியில் ஓடிய வாகனங்களைப் பார்த்தபோது ஒரு பழைய காலத்துக்குள் நுழைந்தது போல இருந்தது. 1980களின் ரொயோட்டா கொறோலா, நிசான் சன்னி, அதைவிடப் பழைய பப்ளிக்கா பிக்கப்புகள். 600 சிசிக்கும் குறைந்த இயந்திரம் பூட்டிய சின்ன மஸ்டா ரக்சிகளும் அந்த நாட்டின் தெருக்களில் வெகுகாலம் ஓடியவை. யப்பான் போர் நட்டஈடாகக் கொடுத்த உதவியில் 1960களில் தொடங்கிய தொழில் திட்டத்தில் ஹினோ லொறிகளும் மஸ்டா வாகனங்களும் பர்மாவிலேயே பொருத்தப்பட்டன. இன்னொன்றைச் சொன்னால் உங்களுக்கு வியப்பாக இருக்கும். இரண்டாம் உலகப் போருக்காக இந்தக் கனடாவில் செய்த செவர்லே இராணுவ லொறிகள், ரங்கூனில் மரக்கூடு பூட்டி பஸ்களாகி, இந்த நூற்றாண்டின் தொடக்கம்வரை ஆள் ஏற்றின. ஸ்காபரோவிலிருந்து அரைமணி நேரத்தில் போய்விடக்கூடிய ஒசாவாவில் அந்த வகை லொறிகள் செய்யப்பட்டன.

இன்னொரு வேடிக்கை. 1970 டிசம்பரில் ஒரே நாளில் போக்குவரத்தை இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கத்துக்கு மாற்றினார்கள். வாகனங்கள் மாறவில்லை. ஆகவே சாரதி வீதி ஓரத்தில் இருப்பார், முன்னே போகிறதை முந்த வேண்டுமென்றால் பக்கத்தில் இருக்கிற பயணியைத்தான் எட்டிப் பார்க்கச் சொல்ல வேண்டும்.

நான் வழமையாகப் போன ரக்சியின் சாரதி ஒரு தமிழர். அறுபது வயதிருக்கும். பாட்டனார் இராமநாதபுரம் பக்கமாம். கார் 1984 ஆம் ஆண்டு நிசான் சன்னி. கார்புறேற்றர் பூட்டிய இயந்திரம். கார்புறேற்றர் என்பது பெற்றோலையும் காற்றையும் கலந்து இயந்திரத்துக்குக் கொடுக்கிற பித்தளைத் துளைகளும் மிதவையும் கொண்ட ஒரு பெட்டி. இப்போது வருகிற கார்களில் அந்த வேலையைக் கணினி செய்கிறது. வட அமெரிக்காவில் 1990 அளவிலேயே புதுக் கார்களிலிருந்து கார்புறேற்றர் மறைந்துவிட்டது, எங்கள் பிள்ளைகள் அதைக் கண்ணாலும் கண்டிருக்க மாட்டார்கள்.

ஒருநாள் வழியில் கார் இருமி இருமி நின்றது. "அண்ணை, இதுக்குப் புதுக் கார்புறேற்றர் ஒன்று போட்டால் என்ன?" என்று கேட்டேன். சிரித்தார். "புதுசு எங்கய்யா கிடைக்குது? ஜப்பான்ல கழட்டிப் போட்ட பழசுதான் இங்க புதுசு" என்றார்.

பிறகு திருகாணியைக் கழற்றி மிதவைக் கிண்ணத்தைத் திறந்து காட்டினார். அடியில் தண்ணீர். அந்த நாட்களில் அரசாங்க நிலையத்தில் ஒரு காருக்கு நாளொன்றுக்கு இரண்டு கலன்தான் பங்கீடு. மிச்சம் வேண்டுமென்றால் தெருவோரத்தில் போத்தலில் விற்கிற பெற்றோல்தான். அதில் தண்ணீர் இருக்கும், மண்ணெண்ணெய் இருக்கும், தூசி இருக்கும். அவர் எந்தப் பெற்றோலையும் கார் துடைக்கிற மெல்லிய தோலில் வடித்துத்தான் தாங்கிக்குள் ஊற்றுவார். அந்தத் தோலை முதலிலே பெற்றோலில் நனைத்துவிட்டால் பெற்றோல் இறங்கும், தண்ணீர் மேலே நின்றுவிடும். தோலின் விலை ஒருமுறைச் செலவு. அடைபட்ட காரை இழுத்துக்கொண்டு போகிற செலவு ஒவ்வொரு முறையும்.

ஜெற் என்கிற சின்னப் பித்தளைத் துளை அடைத்தால் சைக்கிள் பம்பால் ஊதுவார். கம்பி விட்டுக் குத்தவே மாட்டார். பலர் குத்துவார்கள், உடனே கார் ஓடும், அவர்களுக்குச் சந்தோஷம். ஆனால் துளை கொஞ்சம் பெருத்துவிடும். அதற்குப் பிறகு ஒவ்வொரு மைலுக்கும் கூடுதல் பெற்றோல் போகும், யாரும் கவனிக்க மாட்டார்கள். ஒரு கலனுக்கு 25 மைல் ஓடிய கார் 20 மைல் ஓடுகிறது என்று வையுங்கள். இரண்டு கலனில் 50 மைல் 40 ஆகிறது. நாளுக்குப் பத்து மைல், மாதத்தில் இருபத்தைந்து நாள் ஓடினால் 250 மைல் கூலி கையைவிட்டுப் போகிறது. கார் பழுது என்று எவரும் சொல்ல மாட்டார்கள், ஏனென்றால் அது ஓடிக்கொண்டுதானே இருக்கிறது! சோக் கம்பி இறுகிப் பாதி மூடி நின்றாலும் இதே கதைதான்.

இதை அவர் எப்படிக் கண்டுபிடிப்பார் என்றால், ஒரு நாற்பது பக்கக் கொப்பி. திகதி, மைல், கலன். அவ்வளவுதான். எண்கள் இறங்கத் தொடங்கினால் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பார்ப்பார். நுனி மண் நிறமாக இருந்தால் நல்லது, கரி பிடித்திருந்தால் பெற்றோல் கூட, வெளுத்திருந்தால் காற்றுக் கூட. பட்டப்படிப்புப் படித்த பல முகாமையாளர்கள் வைத்திருக்காத கணக்கு அது.

எதில் மிச்சம் பிடிப்பது, எதில் பிடிக்கக்கூடாது என்பதிலும் அவருக்குத் தெளிவு இருந்தது. கார்புறேற்றருக்கு அடியில் வைக்கிற கஸ்கற்றை மொத்தத் தாளில் தானே வெட்டிக்கொள்வார். ஆனால் பம்பின் உள்ளே இருக்கிற மெல்லிய ரப்பர் தகட்டை லொறி ரியூப்பில் வெட்டிப் போட மாட்டார். அந்த ரப்பர் பெற்றோலில் ஊறிப் பொங்கிவிடும். அதற்குச் சரியான பொருளைக் காசு கொடுத்தே வாங்குவார். பிரேக்கிலும் அப்படித்தான்.

பெற்றோல் விலை அந்த நாட்டில் சும்மா விஷயமல்ல. 2005 ஒக்ரோபரில் அரசாங்க விலை ஒரு கலன் 180 கியாத்திலிருந்து 1,500 ஆனது. 2007 ஓகஸ்டில் 1,500 இலிருந்து 2,500 ஆனது. டீசல் இரட்டிப்பானது, வாகனங்களுக்கு விற்கிற இயற்கை வாயு ஐந்து மடங்கானது. அதிலிருந்து தொடங்கிய ஊர்வலங்களில்தான் பிக்குமார் தெருவுக்கு வந்தார்கள். அந்த வாயுவுக்குப் பல ரக்சிகளும் பஸ்களும் முன்னரே மாறியிருந்தன. கார்புறேற்றர் கார் அதற்கு வசதி, மேலே ஒரு வளையத்தைப் பூட்டிப் பின்பெட்டியில் சிலிண்டர் வைத்தால் போதும். ஆனால் வாயு நிரப்ப மணிக்கணக்காகக் கியூவில் நிற்க வேண்டும். அந்த நேரத்தையும் செலவில் எழுத வேண்டும் என்பது என் கட்சி.

இனி இதன் பெரிய பக்கத்துக்கு வருகிறேன். கார் வாங்கிய நாளிலிருந்து விலை இறங்கும், ஆண்டுதோறும் தேய்மானம் எழுத வேண்டும் என்று எங்களுக்குப் பாடசாலையில் படிப்பித்தார்கள். ரங்கூனில் அது செல்லவில்லை. புது வாகனம் இறக்க அனுமதி கிடைக்காததால் இருபது ஆண்டுப் பழைய கார் பல்லாயிரம் டொலருக்கு விலை போனது. விலை இரும்புக்கல்ல, இலக்கத் தகட்டுக்கு. அதோடு, காசு நோட்டில் நம்பிக்கை இல்லாத நாடு அது. 1964, 1985, 1987 என்று மூன்று முறை நோட்டுகள் செல்லாது என்று அறிவிக்கப்பட்டன. 2003 இல் தனியார் வங்கிகளில் பணமெடுக்கச் சனம் முண்டியடித்தது. ஆகவே கொஞ்சம் சேர்த்தவர்கள் காரிலே சேர்த்தார்கள். எங்கள் ஆட்கள் நகையில் சேர்த்தது போல.

2011 செப்ரெம்பரில் கதவு திறந்தது. நாற்பது ஆண்டுக்கு மேற்பட்ட வாகனத்தை ஒப்படைத்தால் அதற்குப் பதிலாகப் புதிய வடிவக் காரொன்றை இறக்க அனுமதி தந்தார்கள். பின்னர் வயது எல்லையையும் குறைத்தார்கள். பழைய பப்ளிக்காக்களும் மஸ்டாக்களும் நொறுக்கப் போயின. கார் விலை சடாரென விழுந்தது. நொறுக்கக் கொடுத்தவருக்கு லாபம். ஆனால் முதலாண்டுதான் சேமிப்பை எல்லாம் போட்டு இருபது வயதுக் காரை வாங்கியவரின் நிலையை எண்ணிப் பாருங்கள். கார் அதே கார், கொப்பியில் மைலும் அதே மைல், சேமிப்பு மட்டும் போய்விட்டது. 2021 ஆட்சிக் கவிழ்ப்புக்குப் பிறகு கியாத்தின் பெறுமதி விழுந்து, இறக்குமதியும் மறுபடி இறுகியது.

இதில் எங்களுக்குத் தெரியாதது எது? 1990 இலிருந்து 1995 வரை யாழ்ப்பாணத்தில் பெற்றோல் தடை இருந்தபோது ஏ-40 களும் மொறிஸ் மைனர்களும் மண்ணெண்ணெய்யில் ஓடியதைக் கண்டவர்கள் இந்த நிகழ்ச்சியைக் கேட்கிறீர்கள். சின்னப் போத்தலிலிருந்து நாலு துளி பெற்றோலைக் கார்புறேற்றருக்குள் விட்டுக் கிளப்புவார்கள், சூடேறியதும் மண்ணெண்ணெய்யில் ஓடும், பின்னால் புகையும் மணமும். அது முடிந்ததற்குக் காரணம் அந்தக் கார்களின் இயந்திரம் குறைந்த அழுத்தத்தில் வேலை செய்வது. எரியாத மண்ணெண்ணெய் எஞ்சின் ஒயிலுக்குள் இறங்கி அதை நீர்த்துப்போகச் செய்யும், அதனால் ஒயிலை அடிக்கடி மாற்ற வேண்டும். இன்றைய கணினிக் காருக்குள் மண்ணெண்ணெய்யை விட்டால் கராச்சுக்காரன்கூடக் கையெடுத்துக் கும்பிட்டுவிடுவான்.

அண்மையில் இலங்கையிலும் ரங்கூன் கதைதான் நடந்தது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2022 இல் கியூஆர் அட்டை வந்து, காருக்குக் கிழமைக்கு 20 லீற்றர் என்று தொடங்கினார்கள். பழைய கார்களின் விலை ஏறியது. 2025 பெப்ரவரியில் தனியார் வாகனங்களுக்கு இறக்குமதி மீண்டும் திறந்தது, கனத்த வரியோடு.

ஆகவே காசு அனுப்பலாமா என்றால், அது எந்தக் காசு என்று பார்க்க வேண்டும். கூலிக்கு ஓடுகிற காரைத் திருத்தக் கேட்டால், கொப்பி இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால் அனுப்புங்கள். விலை ஏறும் என்று வாங்கி வைக்கக் கேட்டால் அனுப்பாதீர்கள், ஒரு வர்த்தமானி அறிவித்தலோடு அந்த லாபம் போய்விடும். வீட்டு முற்றத்தில் நிற்கிற அப்பாவின் மொறிஸ் மைனர் என்றால் அது வேறு, அதைக் கணக்கில் சேர்க்க நான் வரவில்லை.

அனுப்புகிறவர்கள் இயன்றால் பணத்துக்குப் பதிலாகப் பொருளை அனுப்புங்கள். கார்புறேற்றர் திருத்துகிற பொதி ஒன்று, கஸ்கற், ஊசி வால்வு, ரப்பர் தகடு எல்லாம் சேர்ந்து ஒரு கடித உறைக்குள் அடங்கும். வாங்குமுன் காரின் ஆண்டை மட்டும் கேட்டால் போதாது, கார்புறேற்றரில் பொறித்திருக்கிற இலக்கத்தைப் படம் பிடித்து அனுப்பச் சொல்லுங்கள். பழைய கார்களில் எத்தனையோ கை மாறி வேறு காரின் கார்புறேற்றர் இருப்பது மிகச் சாதாரணம்.